மலைப்பாதைக்கு வலுவான எஞ்சின்: பழைய லொறியைக் குறைந்த செலவில் கட்டியெழுப்பும் வழி

ஹட்டன், நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளில் கொழுந்தோ மரக்கறியோ ஏற்றி ஓடும் பழைய கென்டர், எல்ஃப் போன்ற லொறி ஒன்றை வைத்திருந்து, அது றம்பொடை ஏற்றத்திலும் கினிகத்தேனை ஏற்றத்திலும் மூச்சுத் திணறுவதைப் பார்த்துச் சலித்துப்போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையில் இறங்குபவருக்கு ஆளுக்கொரு ஆலோசனை சொல்வார்கள். பெரிய எஞ்சின் போடு என்பார் ஒருவர், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ ஏற்று என்பார் மற்றவர், டீசல் பம்ப்பின் ஸ்குரூவைச் சற்றுத் திருகினால் போதும் என்பார் வேறொருவர். என்னுடைய மிட்சுபிஷி 4டி32 எஞ்சினைக் கட்டி முடிப்பதற்குள் இவை எல்லாவற்றையும் கேட்டு, விலை விசாரித்து, அலைந்து தெரிந்துகொண்டவற்றை வரிசையாகத் தருகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பதிவுப் புத்தகத்தில் இலக்கம் எழுதப்பட்டுள்ள அதே எஞ்சினை, தொழிற்சாலை அளவுகளுக்குத் திருப்பிக் கட்டி, லொறி ஓடும் உயரத்துக்கு ஏற்ப டீசலைச் சரிசெய்வதுதான் மிகக் குறைந்த செலவில் மிகக் கூடுதலான வலுவைத் தரும் வழி. மலையில் நமக்கு வேண்டியது உச்ச வேகம் அல்ல. நிமிடத்துக்கு ஏறத்தாழ 1400 முதல் 2200 சுற்றுக்குள் தளராமல் இழுக்கும் முறுக்குவிசை, கொதிக்காத ரேடியேட்டர், இறக்கத்தில் நம்பக்கூடிய எஞ்சின் பிரேக் ஆகிய மூன்றும்தான் வேண்டும்.

உயரத்தின் கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹட்டன் நகரம் ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் அங்கே ஒவ்வொரு முறை மூச்செடுக்கும்போதும் கொழும்பில் எடுப்பதைவிடக் குறைவான காற்றையே உள்ளிழுக்கிறது. கொழும்புக்கென அளந்துவைத்த டீசல் முழுவதும் எரிவதற்கு இங்கே காற்றுப் போதாது. எரியாத பகுதி கறுப்புப் புகையாகவும் வெப்பமாகவும் வெளியேறுகிறது. நல்ல எஞ்சினும் மேலே வந்தால் சற்றுத் தளரத்தான் செய்யும். எஞ்சின் தேய்ந்ததால் வந்த தளர்ச்சியையும் உயரத்தால் வந்த தளர்ச்சியையும் பிரித்தறியாமல் பணம் செலவழிக்கத் தொடங்கக் கூடாது.

1. எஞ்சினைக் கழற்றுவதற்கு முன் லொறியைச் சோதியுங்கள்

எஞ்சின் பலவீனம் என்று கொண்டுவரப்படும் லொறிகளில் குறை பல சமயம் வேறிடத்தில் இருக்கும். காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், டீசல் வடிகட்டியில் தண்ணீர் தேங்கியிருக்கலாம், கிளட்ச் வழுக்கலாம், ஒரு சக்கரத்தின் பிரேக் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கலாம். புகைக்குழாயை அடைத்து இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எக்ஸோஸ்ட் பிரேக்கின் வால்வ் முழுமையாகத் திறக்காமல் சிக்கிக்கொண்டாலும் லொறி ஏறாது. இதை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. முன்னைய உரிமையாளர் பெரிய டயர் மாட்டியிருந்தாலும், வேகத்துக்காக டிஃபரன்ஷியலை மாற்றியிருந்தாலும், எவ்வளவு நல்ல எஞ்சினைக் கட்டினாலும் ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்துத்தான் ஓட வேண்டிவரும். உங்கள் லொறியின் ரகத்துக்குத் தொழிற்சாலை கொடுத்த டிஃபரன்ஷியல் விகிதம் எது என்று பார்த்து, மாறியிருந்தால் அதைத் திருத்துங்கள். எஞ்சினைத் தொடாமலே இழுவை திரும்புவதற்கு அது ஒன்றே போதுமாக இருக்கலாம்.

இவை சரியென்றால் கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவை, அளக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பற்றரி முழுதாக ஏற்றப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் எழுதி வாங்குங்கள். மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் இடையில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும், எல்லாமே எஞ்சினின் தொழிற்சாலைக் கைநூல் கூறும் கீழெல்லையை நெருங்கியிருந்தாலும் எஞ்சினைத் திறக்கக் காரணம் உண்டு. ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை அழுத்தத்துடன் வெளியேறுவதும் ரிங் தேய்ந்ததன் அடையாளமே. கம்ப்ரெஷன் நன்றாக இருந்தால் எஞ்சினைத் திறக்காதீர்கள். நேரடியாக ஐந்தாம் படிக்குச் செல்லுங்கள். பலருக்கு அத்துடனே வேலை முடிந்துவிடும்.

2. சொந்த எஞ்சினா, மாற்று எஞ்சினா என்பதைப் பத்திரங்களைப் பார்த்துத் தீர்மானியுங்கள்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் இறக்குமதியான பழைய எஞ்சின்கள் கிடைக்கும். 4டி32 இருந்த இடத்தில் 4214 சீசீ கொண்ட 4டி33 எஞ்சினைப் பொருத்தலாம் என்பது கவர்ச்சியான யோசனைதான். ஆனால் எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவுப் புத்தகத்தில் ஓர் இலக்கமும் எஞ்சினில் வேறோர் இலக்கமும் உள்ள லொறியை விற்பது கடினம். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கேள்வி எழுப்பும், வீதிச் சோதனையிலும் சிக்கல் வரும்.

மாற்று எஞ்சின்தான் வேண்டுமென்று தீர்மானித்தால், பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் மாவட்டத்தில் உள்ள திணைக்கள அலுவலகத்துக்குச் சென்று, அந்த ரக எஞ்சினை உங்கள் வாகனத்துக்கு அனுமதிப்பார்களா, விண்ணப்பத்தை எங்கே ஒப்படைப்பது, எந்தப் பரிசோதகர் பார்வையிடுவார் என்பவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். விற்பவரிடமிருந்து எஞ்சின் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டையும் இறக்குமதிச் சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் பெறுங்கள். உள்ளூர் வாகனத்திலிருந்து கழற்றிய எஞ்சின் என்றால், அந்த வாகனத்தின் பதிவுப் புத்தகப் பிரதியும் உரிமையாளர் கையொப்பமிட்ட விற்பனைக் கடிதமும் வேண்டும். லீசிங் நிலுவை உள்ள லொறிக்கு நிதி நிறுவனத்தின் சம்மதக் கடிதத்தையும் முன்கூட்டியே கேளுங்கள். “பத்திரம் பின்னால் தருகிறோம்” என்று சொல்லும் இடத்தில் முற்பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பத்திரம் வருவதில்லை.

சொந்த எஞ்சினைக் கட்டினால் இவற்றில் ஒன்றும் தேவையில்லை. ஆனால் ஓர் அபாயம் உண்டு. சில எஞ்சின்களில் இலக்கம் பிளாக்கின் மேல் விளிம்பை ஒட்டிப் பதிக்கப்பட்டிருக்கும். பட்டறையில் பிளாக்கின் மேற்பரப்பைச் சீவும்போது அந்த இலக்கம் அழிந்துவிட்டால் சொந்த எஞ்சினே உங்களுக்குச் சொந்தமில்லை என்றாகிவிடும். கழற்றுவதற்கு முன் இலக்கத்தைத் துடைத்துப் படமெடுங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசிப் பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியைத் தொடக் கூடாது என்று பட்டறைக்கு எழுதிக் கொடுங்கள்.

3. பணத்தையும் காலத்தையும் ஒதுக்குங்கள்

2022 இல் ரூபாயின் பெறுமதி சரிந்ததிலிருந்து உதிரிப்பாக விலைகள் நிலையாக நிற்பதில்லை. ஆகவே தொகையாக அல்லாமல் பங்காகச் சொல்கிறேன். கையில் உள்ள பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் எடுத்து வையுங்கள். திறந்து பார்த்த பின்னர் தெரியவரும் வெடிப்புக்கும் தேய்வுக்கும் அது போகும். மீதியில் ஏறத்தாழப் பாதி பட்டறை வேலைக்கும் பிஸ்டன், லைனர், ரிங், பெயாரிங், கேஸ்கட் ஆகியவற்றுக்கும் போகும். கால் பங்கு டீசல் பம்ப்புக்கும் இன்ஜெக்டர்களுக்கும் வேண்டும். எஞ்சியது ரேடியேட்டர், தண்ணீர் பம்ப், குழாய்கள், கிளட்ச், ஒயில் என்பவற்றுக்கு. பம்ப்புக்கான பங்கை எடுத்துப் பளபளப்பான வேறொன்றுக்குச் செலவழிக்கத் தோன்றும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

லொறி நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லை. சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் எடுக்கும் வேலை இது. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் பட்டறைகளும் உதிரிப்பாகக் கடைகளும் பல நாட்கள் மூடிக்கிடக்கும். எஞ்சினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அந்தக் காலத்துக்குள் அகப்பட்டால் மாதம் முழுவதும் போய்விடும். மேற்குச் சரிவில் மே மாதம் தொடங்கும் மழையில், புதிதாகக் கட்டிய எஞ்சினை முதன்முதலாக ஓட்டிப் பழக்குவதும் உகந்ததல்ல. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் முடித்துக்கொள்வது எல்லா வகையிலும் நல்லது. வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியாகும் திகதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் இல்லாத லொறிக்குப் புகைச் சான்றிதழ் எடுக்க முடியாது.

4. லேத் பட்டறையில் அளவுகளை எழுத்தில் பெறுங்கள்

இதுதான் முழு வேலையின் உயிர். நல்ல பட்டறை எது என்பதை இயந்திரங்களைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. “அளந்த அளவுகளை ஒரு தாளில் எழுதித் தருவீர்களா” என்று கேளுங்கள். தயங்காமல் தருபவரிடம் கொடுங்கள். நான் விசாரித்த ஓரிடத்தில், எழுதித் தரும் வழக்கம் தங்களுக்கு இல்லை என்றார்கள். விலை குறைவாக இருந்தும் அங்கே கொடுக்கவில்லை.

வரிசை முக்கியம். முதலில் பிளாக், ஹெட், கிராங்க் மூன்றையும் கழுவி, வெடிப்புச் சோதித்து, அளக்க வேண்டும். அளவு கையில் வந்த பின்னர்தான் பாகங்களை வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று முன்கூட்டியே பிஸ்டன் செட்டோ பெயாரிங்கோ வாங்கி வைப்பவர்கள், கிராங்க்கை 0.25 மில்லிமீற்றர் அரைக்க வேண்டும் என்று தெரியவந்ததும் அந்தப் பெயாரிங்கை யாருக்கும் விற்க முடியாமல் தவிப்பார்கள். திறந்த பெட்டியைக் கடைகள் திருப்பி எடுப்பதில்லை.

லைனர்களில் முழுமையாக முடித்து வருபவையும் உண்டு, அழுத்திப் பொருத்திய பின் போர் செய்து (அளவுக்குக் கடைந்து) ஹோன் பண்ண (கல்லால் தேய்த்து முடிக்க) வேண்டியவையும் உண்டு. எது உங்களுடையது என்று பட்டறையுடன் பேசித் தெளிவுபடுத்துங்கள். ஹோன் செய்த சுவரில் குறுக்கு மறுக்கான நுண்ணிய கீறல்கள் தெரிய வேண்டும். கண்ணாடிபோல் மின்னும் சுவரில் ஒயில் தங்காது, ரிங் படியாது. ஒவ்வொரு ரிங்கையும் அது பொருந்தும் சிலிண்டருக்குள் விட்டு முனை இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) அளந்து எழுதச் சொல்லுங்கள். பெயாரிங் இடைவெளியை பிளாஸ்டிகேஜ் என்னும் நசுங்கும் மெல்லிய இழையை வைத்துப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். அந்தச் சில நிமிடங்களைத் தவிர்ப்பதால் கருகிய கிராங்க்குகள் ஏராளம்.

ஹெட்டைச் சமப்படுத்துவது பற்றி ஒரு எச்சரிக்கை. டீசல் எஞ்சினில் பிஸ்டனின் தலைக்கும் ஹெட்டுக்கும் இடையில் உள்ள வெளி மிகச் சிறியது. ஹெட்டை அல்லது பிளாக்கைத் தேவைக்கு மேல் சீவினால் வால்வ் பிஸ்டனில் முட்டும். சமதளக் கோலும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவு கைநூலின் எல்லையைத் தாண்டினால் மட்டும் சீவச் சொல்லுங்கள். அதன் பிறகு பிஸ்டன் மேலே நீளும் அளவை அளந்து கேஸ்கட்டைத் தெரிவு செய்ய வேண்டும். ஹைலக்ஸ் வாகனங்களில் வரும் டொயோட்டா 2எல், 3எல் எஞ்சின்களுக்குக் கேஸ்கட் மூன்று தடிப்புகளில் வருவது இதற்காகத்தான். கடைக்காரர் கையில் அகப்பட்டதைக் கொடுப்பார். நீங்கள்தான் அளவைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பணம் கொஞ்சம் மிஞ்சினால் அதை வால்வ் இருக்கைகளில் செலவழியுங்கள். இருக்கைகளை ஒழுங்கான கோணங்களில் வெட்டி, வழிகாட்டிகளை மாற்றி, மெனிஃபோல்டின் துளையும் ஹெட்டின் துளையும் கேஸ்கட்டோடு நேராகப் பொருந்துகின்றனவா என்று பார்த்து, துருத்தும் விளிம்பைத் தேய்த்துவிட்டால் காற்று தடையின்றிச் செல்லும். மெல்லிய காற்றுள்ள உயரத்தில் இந்தச் சிறிய வேலை பலன் தரும். துளையைக் குடைந்து அகலமாக்க வேண்டாம். அது வேக எஞ்சினுக்குரிய வேலை. கீழ்ச் சுற்றில் நமக்கு வேண்டிய இழுவையை அது குறைத்துவிடும்.

5. டீசல் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் மேசையில் அளந்து சரிசெய்யுங்கள்

இத்தகைய பழைய லொறி எஞ்சினின் வலுவையும் புகையையும் செலவையும் தீர்மானிப்பது டீசல் பம்ப்தான். எஞ்சினை முழுவதும் புதிதாகக் கட்டிவிட்டுப் பழைய பம்ப்பை அப்படியே மாட்டுவது பாதி வேலையை விட்டுவிடுவதாகும். பம்ப்பைச் சோதனை மேசையில் ஏற்றி, நான்கு சிலிண்டர்களுக்கும் ஒரே அளவு டீசல் செல்கிறதா என்று கண்ணாடிக் குழாய்களில் அளக்கும்போது கூடவே நின்று பாருங்கள். இன்ஜெக்டர்களின் திறக்கும் அழுத்தம் நான்கிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நொசிலிலிருந்து டீசல் சொட்டாமல் மூடுபனிபோல் பிரிய வேண்டும்.

இங்கே நீங்கள் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் உண்டு. “இந்த லொறி பெரும்பாலும் 1200 மீற்றருக்கு மேலே ஓடுகிறது, முழுச்சுமை டீசலை அதற்கேற்பக் குறைத்து வையுங்கள்.” இதைச் சொல்லாவிட்டால் தாழ்நிலத்துக்குரிய அளவில்தான் வைப்பார்கள். டீசலைக் குறைத்தால் வலு குறையும் என்று அஞ்ச வேண்டாம். காற்றில்லாததால் எரியாமல் போகும் டீசல் வலுத் தருவதில்லை. அது பிஸ்டனைச் சூடாக்கி, லைனரில் உள்ள ஒயிலைக் கழுவி, புகைக்குழாயை அடைக்கும். பேலியகொடை மெனிங் சந்தைக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் நாள்தோறும் ஓடும் லொறி என்றால் இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் வைக்கச் சொல்லுங்கள். மேலே முழுச் சுமையில் இலேசான சாம்பல் நிறப் புகைக்கு மேல் வரக் கூடாது என்பதே அளவுகோல்.

முழுச்சுமையில் செல்லும் டீசலின் அளவைத் தீர்மானிக்கும் ஸ்குரூவை வழியோரத்தில் திருகிவிடுவதாகச் சொல்பவர்களிடம் லொறியைக் கொடுக்காதீர்கள். அன்றைக்கு இழுவை கூடியதுபோல் தெரியும். சில மாதங்களில் பிஸ்டன் உருகும். அந்தச் செலவு நீங்கள் மிச்சப்படுத்தியதைப்போல் பல மடங்காகும்.

6. குளிர்விப்பு

உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையில் கொதிக்கிறது. ரேடியேட்டரின் அழுத்த மூடிதான் இந்தக் குறையை ஈடுசெய்கிறது. ஆகவே தளர்ந்த மூடியை மாற்றாமல் புதிய எஞ்சினை ஏற்றத்தில் ஓட்டக் கூடாது. ரேடியேட்டரைத் திறந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்வியுங்கள். தண்ணீர் பம்ப், விசிறிப் பட்டி, குழாய்கள் அனைத்தையும் புதிதாக்குங்கள்.

சூடாகும் எஞ்சினுக்கு வைத்தியமாகத் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பகுதியில் நெடுநாள் வழக்கம். இது தவறு. ஜனவரி விடியலில் உறைபனி படியும் ஊரில், தேர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் மணிக்கணக்கில் சூடேறாமலே ஓடும். குளிர்ந்த எஞ்சினில் லைனர் மிக வேகமாகத் தேயும். வெறும் ஆற்றுத் தண்ணீரை ஊற்றாமல், கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

7. டர்போ பொருத்தலாமா

பொருத்தலாம், ஆனால் இறுதியாக. மேற்சொன்னவை யாவும் முடிந்து, லொறி சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பிறகு, இன்னும் வலு வேண்டுமென்று தோன்றினால் மட்டும். மலையில் டர்போவுக்கு உண்மையான நியாயம் இருக்கிறது. நுவரெலியாவில் டர்போ வெறும் 0.2 பார் அழுத்தம் ஏற்றினாலே கடல்மட்டக் காற்றழுத்தம் திரும்பிவிடுகிறது. 0.5 பாருக்கு மேல் செல்லாமல், டீசலை மிகச் சிறிதளவே கூட்டினால் நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சின் (டீசலை நேரே பிஸ்டனின் மேல் தெளிப்பது) தாங்கும். இசுசு 4பீடி1, மிட்சுபிஷி 4டி31 எஞ்சின்களுக்குத் தொழிற்சாலையிலிருந்தே டர்போ வடிவம் வந்திருப்பதால் மெனிஃபோல்டும் ஒயில் குழாய்களும் தேடக்கூடியவை. மாறாக, டொயோட்டா 2எல் போன்ற, டீசலை முதலில் ஹெட்டில் உள்ள சிறிய முன்னறையில் தெளிக்கும் எஞ்சினில் டர்போ ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் தொழிற்சாலை டர்போ வடிவத்திலேயே ஹெட் வெடிப்பது ஊரறிந்த குறை.

பொருத்துவதானால் ஒயில் திரும்பும் குழாய் மடங்காமல் கீழ்நோக்கிச் சரிய வேண்டும், ஒயில் கூலர் வேண்டும், டர்போவுக்கு முன்னால் எக்ஸோஸ்ட் வெப்பமானி வேண்டும். நீண்ட ஏற்றத்தில் முள் 700 பாகையை நெருங்கினால் காலைத் தளர்த்துங்கள். வெப்பமானி வாங்கப் பணமில்லை என்றால் டர்போவுக்கும் பணமில்லை என்றே கொள்ளுங்கள். மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் முன்னரே கேட்டு, காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

8. பொருத்துதலும் முதல் ஆயிரம் கிலோமீற்றரும்

எஞ்சின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் தட்டு, பெயாரிங், பின்பக்க ஒயில் சீல் ஆகியவற்றை மாற்றுங்கள். இல்லாவிட்டால் பிறகு இதற்காக மட்டும் கியர்பொக்ஸை இறக்குவதற்கு மறுபடியும் கூலி கொடுக்க வேண்டிவரும். முதன்முறை இயக்குவதற்கு முன் டீசலை நிறுத்தி வைத்து, ஒயில் அழுத்தம் வரும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றச் சொல்லுங்கள். தொடர்ந்து சுற்றாமல், இடையிடையே ஸ்டார்ட்டரை ஆறவிட்டுச் சுற்ற வேண்டும்.

புதிய எஞ்சினை மணிக்கணக்கில் சும்மா நிறுத்தி ஓடவிடுவது ரிங்குகளுக்குக் கேடு. சிறிய சுமையுடன், வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். முதல் 500 கிலோமீற்றரில் ஒயிலையும் வடிகட்டியையும் மாற்றுங்கள். ஆயிரம் கிலோமீற்றரில் மறுபடியும் மாற்றி, வால்வ் இடைவெளியைச் சரிபார்த்து, கைநூல் கூறினால் ஹெட் போல்ட்டுகளையும் இறுக்குங்கள். அதுவரை கம்பளை, புசல்லாவைப் பக்கமாக முழுச் சுமையுடன் ஏற வேண்டாம். இறக்கத்தில் எக்ஸோஸ்ட் பிரேக் பிடிப்பதையும் விடுவதையும் வெறும் லொறியில் சோதித்து உறுதிசெய்த பின்னரே சுமை ஏற்றுங்கள். கூடிய வலு கிடைத்த லொறி கூடிய சுமையுடன் இறங்கும் என்பதால், பிரேக் லைனிங்கையும் அதே தடவையில் பார்த்துவிட வேண்டும்.

9. புகைச் சான்றிதழும் கோப்பும்

ஆயிரம் கிலோமீற்றருக்குப் பிறகு, எஞ்சின் நன்கு சூடேறிய நிலையில், புதிய காற்று வடிகட்டியுடன் புகைப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். மலை நகரத்தில் உள்ள நிலையத்தில் தேறிய லொறி தாழ்நிலத்தில் நிச்சயம் தேறும், மறுதலையாக அல்ல. தேறாவிட்டால் அறிக்கையை எடுத்துக்கொண்டு பம்ப் திருத்தியவரிடமே திரும்பிச் செல்லுங்கள். மேசையில் அளந்த தாள் உங்களிடம் இருந்தால் அவர் மறுபேச்சின்றிப் பார்ப்பார். சான்றிதழ் கிடைத்ததும் தகுதிச் சான்றிதழையும் காப்புறுதியையும் சேர்த்து, வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

பட்டறையின் அளவுத் தாள், பம்ப் சோதனைத் தாள், பாகங்களின் பற்றுச்சீட்டுகள், எஞ்சின் இலக்கத்தின் படமும் பென்சில் பிரதியும், பழுதடைந்த பாகங்களின் படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் இட்டு லொறியில் அல்லாமல் வீட்டில் வையுங்கள். லொறியில் ஒரு பிரதி போதும். உத்தரவாதம் கேட்கச் செல்லும் நாளிலும், அடுத்த முறை எஞ்சினைத் திறக்கும்போது எந்த அளவு பெயாரிங் வாங்க வேண்டும் என்று பார்க்கும் நாளிலும், லொறியை வாங்க வருபவர் விலை பேசும் நாளிலும் அந்தக் கோப்புத் தேவைப்படும்.